ஆடும் ஓடும் ஏடும்

...காதுல கோளாறுன்னு சொன்னாங்க தம்பி! என் பொண்ணுக்கு! அடுத்த தெருவுல ஐஸ்கிரீம் வண்டி மணி அடிச்சா, இங்க உள் ரூம்ல தூங்கிட்டிருக்கறவ எழுந்து உட்காருவா. அந்தக் காதுல கோளாறாம்! ...கையைக் கொஞ்சம் தூக்குங்க. இல்ல, இந்தக் கை. ம்... அப்படியே நில்லுங்க. இந்தக் கோட்டை எங்க வாங்கினீங்க? ரெடிமேடா? அதானே பாத்தேன். தோள் ஒரு ஊர்ல நிக்குது, கை ஒரு ஊர்ல நிக்குது. நாளைக்கு இன்டர்வியூன்னீங்க இல்ல? கவலையே படாதீங்க. சாயங்காலத்துக்குள்ள உங்க உடம்புலயே பொறந்த மாதிரி ஆக்கிடறேன். கண்ணாடியில ஒட்டியிருக்கற காகிதம் என்னன்னு நீங்க கேட்டதால சொல்றேன். இல்லேன்னா நான் யாருகிட்டயும் இதையெல்லாம் சொல்றதில்ல. நான் ரொம்பப் பேசற ஆள் கிடையாது.

எங்க தும்பி இருக்காளே... தும்பிங்கறது நாங்க கூப்பிடற பேரு. ஒரு எடத்துல உக்கார மாட்டா, பறந்துக்கிட்டே இருப்பா, அதனால தும்பி. ஆறு வயசு. ஒண்ணாங்கிளாஸ். அவளுக்கு உயிரெழுத்து பன்னெண்டையும் சொல்லிக் குடுத்தது யாருங்கறீங்க? நான்! இதே மிஷினுக்கு முன்னாடி! நான் அஞ்சாங்கிளாசோட நின்னவ தம்பி. எங்கப்பா போயிட்டாரு, அம்மாவால தனியா முடியல, மிஷின்ல உக்காந்துட்டேன். அதனால ஒரு வைராக்கியம். நம்ம பொண்ணு பள்ளிக்கூட வாசலை மிதிக்கறதுக்கு முன்னாடியே அ-விலேருந்து ஔ வரைக்கும் அவ நாக்குல உக்காந்திருக்கணும்னு.

ஒரு வருஷம்! தெனமும் சாயங்காலம் அவ அந்த ஸ்டூல்ல, நான் இங்க. நான் தச்சுக்கிட்டே சொல்வேன், அவ எழுத்தைத் தொட்டுத் தொட்டுத் திருப்பிச் சொல்வா. எழுத்து அட்டைகூட நானே செஞ்சதுதான். காலருக்கு உள்ள வைக்கறோமே மொடமொடன்னு ஒரு துணி, அதுல கறுப்பு நூலால ஒவ்வொரு எழுத்தாத் தச்சேன். அந்த 'ஔ'வுக்கு மட்டும் ஒரு மத்தியானம் பூரா போச்சு. என்ன எழுத்து தம்பி அது! ஒரு ஒ, பக்கத்துல ஒரு ள. கொஞ்சம் தள்ளித் தச்சா புள்ளை 'ஒள'ன்னு பிரிச்சுப் படிச்சுடுமேன்னு ரெண்டையும் ஒட்டி ஒட்டி... யாரு அதைக் கண்டுபிடிச்சாங்களோ, அவங்க வீட்டுல தையல் மிஷின் இருந்திருக்காது.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், காது. பள்ளிக்கூடத்துல சேர்த்தேன். மொத மூணு மாசம் ஒரு புகாரும் இல்ல. முப்பது புள்ளைங்க ஒண்ணாக் கத்தும்போது எது எவ கத்தல்னு யாருக்குத் தெரியும்? நாலாவது மாசம் டிக்டேஷன் வச்சாங்க. அன்னைக்கு நோட்டுல சிவப்பு மையில ஒரு குறிப்பு வந்துச்சு. 'உயிரெழுத்து, உச்சரிப்பு இரண்டையும் கவனிக்கவும்.' பத்து வார்த்தையில ஏழு தப்பு.

எப்படித் தப்பு தெரியுமா? டீச்சர் 'ஆடு'ன்னு சொல்லியிருக்காங்க. இவ பென்சிலைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. 'ஏம்மா எழுதல?'ன்னு கேட்டா, 'அந்தச் சத்தத்துக்கு எழுத்தே இல்லையே டீச்சர்'ங்கறா! கேட்டீங்களா கதையை! அடுத்தது 'ஏடு'ன்னாங்களாம். 'எந்த ஏடு டீச்சர்? மூணு ஏடு இருக்கே'ங்கறா. சரி, போர்டுல எழுதிப் படிக்கச் சொல்லுவோம்னு பாத்திருக்காங்க. ஆடு, 'ஏடு'. ஓடு, 'ஏடு'. ஏடு, அதுவும் 'ஏடு'! புல்லு மேயறதும் ஏடு, கூரையில இருக்கறதும் ஏடு, கையில வச்சுப் படிக்கறதும் ஏடு! 'ஊசி'ன்னு எழுதினா 'ஈசி'ங்கறா. 'அம்மா'ன்னு எழுதினா 'எம்மே'ங்கறா. பெத்தவளை!

சிரிக்காதீங்க தம்பி, கோட்டு மேல ஏறிப் போகுது.

இதுல வேடிக்கை என்னன்னா, பேசும்போது ஒரு குத்தமும் கிடையாது. 'அம்மா பசிக்குது'ன்னு கத்தினா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். அதே 'அம்மா'வப் புத்தகத்துல காட்டினா 'எம்மே'. பன்னெண்டு எழுத்துல இ, ஈ, எ, ஏ, இந்த நாலும் சொக்கத் தங்கம். மிச்சம் எட்டும் தகரம்.

புள்ளைங்க சும்மா இருக்குமா? 'ஏடு, ஏடு'ன்னு பட்டப்பேரு வச்சுடுச்சுங்க. அப்புறம் இவ காலையில எழுந்தா வயித்து வலின்னு ஆரம்பிச்சா. பள்ளிக்கூட வாசல் வந்ததும் என் விரலை விடமாட்டா. ஒரு நாள் டீச்சர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'இப்படியே போனா அடுத்த வருஷமும் ஒண்ணாங்கிளாஸ்லயே உக்கார வைக்க வேண்டி வரும்மா. எதுக்கும் ஒரு தடவை காதைக் காட்டிடுங்க'ன்னாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? உச்சந்தலையில யாரோ இஸ்திரிப் பெட்டிய வச்ச மாதிரி இருந்துச்சு.

வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவரு லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு. அவருக்கு உலகத்துல எல்லாமே லிஃப்டுதான். 'நின்னா நிக்கட்டும், தானாக் கெளம்பும்'னாரு. மாடியில நாத்தனார் இருக்கா. 'போனைக் குடுத்துப் புள்ளையக் கெடுத்துட்டீங்க அண்ணி'ங்கறா. எங்க வீட்டுல இருக்கறதே பட்டன் போன்! அதுல என்னத்தைக் கெட்டுப்போறது?

சரி, காது டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். அவரு ஒரு இரும்புக் கவட்டையத் தட்டிக் காதுகிட்ட வச்சாரு, முதுகுக்குப் பின்னாடி நின்னு ரகசியமாப் பேசினாரு. 'கால்', 'கோழி', 'பூட்டு'. எல்லாத்தையும் மணி மாதிரித் திருப்பிச் சொல்லிட்டா. அப்புறம் ஒரு காகிதத்துல 'கால்'னு எழுதி நீட்டினாரு. 'கேல்'! டாக்டர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டு, 'அம்மா, காது நல்லா இருக்கு, நாக்கு நல்லாப் புரளுது. எழுத்தைப் பாத்தாத்தான் வியாதி வருது. கண் டாக்டர்கிட்ட போங்க'ன்னுட்டாரு. கண் டாக்டர் பட அட்டையக் காட்டினாரு. எறும்புக்கு எத்தனை காலுன்னு எண்ணிச் சொல்றா! 'கழுகுக் கண்ணும்மா'ன்னாரு. ஆக, காது சரி, கண்ணு சரி, நாக்கு சரி. அப்ப தப்பு யாரு மேல? நீங்களே சொல்லுங்க.

நீங்க சொல்ல மாட்டீங்க. நான் சொன்னேன். டீச்சர் மேல!

அந்த டீச்சர் சின்னப் பொண்ணு தம்பி. வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகல, இன்னும் நிரந்தரம் ஆகல. குரலு பூனைக்குட்டி மாதிரி. அது போதாதா எனக்கு? சாயங்காலம் பள்ளிக்கூட கேட்டுல, அத்தனை பெத்தவங்களும் நிக்கறாங்க, நடுவுல போய் நின்னுக்கிட்டு, 'உங்களுக்கு ஆ-வன்னா ஒழுங்காச் சொல்லித்தரத் தெரியல. நான் பன்னெண்டும் கரைச்சுக் குடுத்து அனுப்பின புள்ளைய இப்படிப் பாழ் பண்ணிட்டீங்களே!'ன்னு கத்திட்டேன். அந்தப் பொண்ணு கண்ணு தளும்பிடுச்சு. அப்பவாவது நான் நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. நேரா பெரிய டீச்சர் ரூமுக்குப் போய்ப் புகாரும் சொல்லிட்டு வந்தேன். 'விசாரிக்கறேன்'னாங்க. விசாரிச்சா அந்தப் பொண்ணு வேலை என்ன ஆகும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பேனா? ம்ஹூம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்... திரும்புங்க. முதுகைக் காட்டுங்க. பாத்தீங்களா, இங்க மடிப்பு விழுது. உங்களுக்குத் தெரியாது. தன் முதுகு தனக்குத் தெரியவா போகுது?

அந்த வாரமே சனிக்கிழமை காலையில வாசல்ல அந்த டீச்சர் நிக்கறாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சண்டைக்கு வந்திருக்காங்கன்னு இடுப்புல கைய வச்சுக்கிட்டு எழுந்தேன். அவங்க மெதுவா, 'வீட்டுல எப்படிப் படிக்கறான்னு ஒரு தடவை பாக்கலாமாம்மா? நான் ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்'னாங்க. பாருங்களேன், தன்மேல புகார் சொன்னவ வாசப்படி ஏறி வந்திருக்கு அந்தப் பொண்ணு! நான் என்ன சொல்லணும்? 'வாங்க, உக்காருங்க'ன்னு சொல்லணும். நான் சொன்னேன், 'தாராளமாப் பாருங்க. எப்படிச் சொல்லிக் குடுக்கறதுன்னு நீங்களும் கத்துக்கலாம்.' சொன்னேன் தம்பி. இந்த வாயாலதான் சொன்னேன்.

தும்பி ஸ்டூல்ல ஏறினா. நான் வழக்கம்போல ஒரு பாவாடை ஓரத்தைக் கையில எடுத்தேன். வழக்கம்போல டப்பாவுலேருந்து பத்துப் பன்னெண்டு குண்டூசிய அள்ளி... எங்க வைப்போம் நாங்க? கை ரெண்டும் துணியில இருக்கும்போது வேற எங்க வைக்கறது? பல்லுக்கு நடுவுலதான். இருபது வருஷப் பழக்கம், வச்சதுகூட நமக்குத் தெரியாது. வச்சுக்கிட்டு, அட்டையக் காட்டி, பெருமையாச் சொல்லிக் குடுத்தேன். 'எ... ஏ...'

என் மண்டைக்குள்ள அது அ, ஆ தான் தம்பி! சத்தியமா! வெளிய வந்ததுதான் எ, ஏ.

நீங்க வேணா பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு ஆ சொல்லிப் பாருங்க. பரவாயில்ல, யாரும் பாக்கல... வருதா? எப்படி வரும்? ஆ-வுக்கு வாய் தொறக்கணும். ஓ-வுக்கும் ஊ-வுக்கும் உதடு குவியணும். தொறந்தா ஊசி கொட்டிடும், குவிச்சா குத்திடும்! பல்லைக் கடிச்சபடி சொல்ல முடியறது அந்த நாலே நாலுதான். இ, ஈ, எ, ஏ. அந்த நாலும் தங்கம்னேனே, ஏன் தங்கம்னு இப்பப் புரியுதா?

தும்பியைப் பாத்தேன். என் மூஞ்சியையே உத்துப் பாத்துக்கிட்டு, பல்லை நறநறன்னு இறுக்கிக்கிட்டு, 'எ... ஏ...'ங்கறா. அவ வாயில ஊசி இல்ல, ஒண்ணும் இல்ல. டீச்சர் கேட்டாங்க, 'ஏன் கண்ணு பல்லைக் கடிக்கறே?' இவ சொல்றா, 'படிக்கும்போது வாயை அப்படித்தானே டீச்சர் வச்சுக்கணும்?'

ஒரு வருஷம் தம்பி. ஒரு வருஷமா என் புள்ளை, படிப்புன்னா பல்லைக் கடிச்சுக்கிட்டுச் செய்யற வேலைன்னு நெனச்சிருக்கு.

டீச்சர் என் பக்கம் திரும்பி, 'அம்மா, அந்த ஊசியெல்லாம் எடுத்துட்டு ஒரே ஒரு தடவை ஆ சொல்றீங்களா?'ன்னாங்க. உள்ளங்கையில துப்பினேன். சொன்னேன். 'ஆ...'

தும்பி என்னைப் பாத்தா, அட்டையப் பாத்தா, மறுபடி என்னைப் பாத்தா. மூஞ்சியில விளக்கு போட்ட மாதிரி ஒரு சிரிப்பு. 'அட! அந்தச் சத்தத்துக்கும் எழுத்து இருக்காம்மா!'ங்கறா.

அந்த டீச்சர் சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். தும்பியத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, 'உனக்கு ஒரு கோளாறும் இல்லடா. அம்மா சொன்னதை ஒரு புள்ளி மாறாம அப்படியே படிச்சிருக்கே. உன்னை மாதிரிக் காது என் கிளாஸ்ல யாருக்கும் இல்ல'ன்னாங்க. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு சும்மாவா சொன்னாங்க? நான் உள்ளங்கையில இருந்த ஊசிய எடுத்தேன். ஒவ்வொண்ணா டப்பாவுல போடறேன், போடறேன், தீரவே மாட்டேங்குது.

திங்கக்கிழமை சாயங்காலம் அதே கேட்டுக்குப் போனேன். ரகசியமா மன்னிப்புக் கேக்கலாம்னு வீட்டுக்காரர் சொன்னாரு. அதெப்படி? கத்தினது ஊரு முன்னாடி, மன்னிப்பு மட்டும் மூலையிலயா? அத்தனை பேரு நிக்கும்போது, 'தப்பு டீச்சர் மேல இல்ல, என் மேலதான். குண்டூசியப் பல்லுல வச்சுக்கிட்டுச் சொல்லிக் குடுத்துட்டேன்'னு நல்லா வாயைத் தொறந்து சொன்னேன். அப்புறம் ஒரு சிரிப்பு கெளம்புச்சு பாருங்க! காவக்காரர் கேட்டைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறாரு. டீச்சர்கூட அன்னைக்குச் சிரிச்சுட்டாங்க. பெரிய டீச்சர் ரூமுக்கும் போனேன். புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்னு சொன்னா, 'எழுதிக் குடுங்க'ன்னாங்க. எழுதிக் குடுத்தேன். நாலு வரியும் நாலு பக்கம் கோணிக்கிட்டுப் போச்சு. பத்து மீட்டர் துணிய நேரா வெட்டறவ நான்!

அதுக்கப்புறம் மாத்தறதுதான் பெரும்பாடு. கத்துக்கறது சுலபம் தம்பி, கத்துக்கிட்டதைப் பிரிச்சு மறுபடி தைக்கறது இருக்கே... பிரிச்ச தையல்ல ஓட்டை தெரியும். புத்தகத்தைத் தொறந்தாப் போதும், பல்லு தானா இறுகிக்கும். டீச்சர்தான், 'கண்ணாடியில வாயைப் பாத்துக்கிட்டே சொல்லட்டும்'னாங்க. கண்ணாடிக்கு என்ன பஞ்சம் நம்மகிட்ட? இந்த மூணு பலகைக் கண்ணாடி முன்னாடி நிறுத்தினேன். மூணு தும்பி நின்னு ஆ-ன்னு வாயைத் தொறந்தா எப்படி இருக்கும்! எவ்வளவு தொறக்கணும்னு அவளுக்குச் சந்தேகம் வந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். டேப்பை எடுத்தேன்.

அதுதான் நீங்க கேட்ட காகிதம். படிங்க. 'ஆ ஒண்ணரை இஞ்ச். எ முக்கால். இ கால் இஞ்ச். ஓ, உருண்டையா, ஒரு கோட்டு பட்டன் அளவு.' சிரிங்க, பரவாயில்ல, இப்ப ஊசி குத்தி முடிச்சுட்டேன்.

குறிலுக்கும் நெடிலுக்கும் வாய் ஒண்ணுதான், நீளம்தான் வேற. அதுக்கு மிஷின். குறில்னா பெடல்ல ஒரு மிதி, நெடில்னா ரெண்டு மிதி. 'கல்', டக். 'கால்', டக் டக். 'கொடு', டக். 'கோடு', டக் டக். எழுதும்போதும் அப்படித்தான். 'கொ'வுக்கு ஒரு மிதி, ஒத்தைக் கொம்பு; 'கோ'வுக்கு ரெண்டு மிதி, ரெட்டைக் கொம்பு. ஓ-வுலதான் ரொம்ப நாள் மாட்டிக்கிட்டா. உதட்டைக் குவிச்சு கண்ணாடியப் பாத்ததும் சிரிப்பு வந்துடும், சிரிச்சா ஓ ஈ ஆயிடும். மறுபடி மொதல்லேருந்து. ரெண்டு மாசம் ஆச்சு. வயித்து வலி நின்னுடுச்சு. நானும் ஊசிய இதோ, மணிக்கட்டுல மெத்தை கட்டி, அதுலதான் குத்திக்கறேன். அப்பப்ப கை வாய்க்குப் போகும். 'அம்மா!'ன்னு ஒரு அதட்டல் வரும்.

போன வெள்ளிக்கிழமை கிளாஸ்ல வாசிப்பு நாள். பெத்தவங்க எல்லாரும் போனோம். அந்தச் சின்னச் சின்ன நாற்காலியில முட்டி காதைத் தொட உக்காந்திருக்கோம். தும்பி முறை வந்துச்சு. 'ஆற்றில் ஓடம் ஓடியது. ஊரே கூடி ஆடியது.' முழுசாப் படிச்சா. ஆ ஆ-வா வந்துச்சு, ஓ ஓ-வா வந்துச்சு. ஏடுன்னு கூப்பிட்ட வாண்டுதான் மொதல்ல கை தட்டினான். வீட்டுக்காரர் பக்கத்துல, 'நான் அப்பவே சொன்னேன், தானாக் கெளம்பும்னு'ங்கறாரு. தானாவாம்!

முடிஞ்சுதுன்னு எழுந்தா, டீச்சர், 'இப்ப பெத்தவங்கள்ல யாராவது ஒரு பக்கம் படிக்கலாமே'ன்னாங்க. அத்தனை பேரும் தரையப் பாக்கறாங்க. 'எங்கம்மா படிப்பாங்க!'ன்னு தும்பி குரலு. பள்ளிக்கூடத்துல நின்னு நான் படிச்சு இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு தம்பி. போனேன். புத்தகத்தை வாங்கினேன். தொப்பி வேணும்னு அலையற ஒரு ஓணான் கதை. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது. தொண்டையக் கனைச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன். ரெண்டாவது வரியில 'தெருக்கோடி'ய 'தெருக்கொடி'ன்னு படிச்சுட்டேன். முப்பது புள்ளைங்களும் 'நெடில்! நெடில்!'னு கூரை பிய்யக் கத்துதுங்க. 'கோடி'ன்னு திருப்பிப் படிச்சேன். அப்புறம் பயம் போயிடுச்சு. ஏன் போச்சுன்னு தெரியல, போயிடுச்சு.

ஒரு பக்கம் முடிஞ்சதும் டீச்சர், 'போதும்மா, ரொம்ப நன்றி'ன்னு கைய நீட்டினாங்க. நான் குடுக்கல. 'இருங்க டீச்சர், ஓணான் இப்பத்தான் கடை வாசலுக்கு வந்திருக்கு'ன்னுட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். தொப்பி கெடைச்சுதா இல்லையான்னு தெரியாம எப்படி எழுந்திருக்கறது? அதுக்கடுத்த பக்கம். அதுக்கடுத்தது. பெத்தவங்க ஒவ்வொருத்தரா வாட்சைப் பாத்தாங்க, பாதிப் பேரு கெளம்பிட்டாங்க. வீட்டுக்காரர் வாசல்லேருந்து கைய கைய ஆட்டறாரு. நான் கடைசி வரி வரைக்கும் படிச்சேன் தம்பி.

புள்ளைங்கள்ல ஒண்ணுகூட எழுந்திருக்கல.